கூடியது குதிரைவலுவா, சத்தமா? மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளக்க ஐந்து வழிகள்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்கிறார், கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொருவர். முதலாமவர் தன் 1300 சீசீ சுவிஃப்டுக்குப் புதிய எக்ஸோஸ்ட் போடப் போகிறார். மற்றவர் தன் லான்சருக்கு ஈசியு ரீமேப் (எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றுவது) செய்யப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே தடுமாற்றம்: வலு உண்மையிலேயே கூடியதா என்று நாமே பார்த்துக்கொள்ளக் கைபேசிச் செயலி போதுமா, வண்டியின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி வாங்குவதா, ஜிபிஎஸ் பெட்டியா, இல்லை வண்டியை உருளைமேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் டைனோவுக்கே போய்விடுவதா?

இந்தக் கேள்வி கொழும்பில் இத்தனை பேருக்கு வருவதில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியைப் பார்த்துத் தலைசுற்றிப் போனவர்கள்தான் அதிகம். ஆகவே கையிலிருக்கும் வண்டியையே ஏதாவது செய்து பார்க்கிறோம்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சிகாவத்தையில் கூம்பு வடிவ எயார் ஃபில்டர் ஒன்றை வாங்கி, தெரிந்த ஒரு கராஜில் பூட்டினேன். "எவ்வளவு கூடும் பாஸ்?" என்று கேட்டேன். "பத்துக் குதிரையாவது கூடும் தம்பி" என்றார் அவர், கையை எண்ணெய்த் துணியில் துடைத்தபடி. பூட்டுவதற்கு முன் கைபேசிச் செயலியால் ஒரே ஒரு தடவை அளந்திருந்தேன். பூட்டிய பின் இன்னொரு தடவை. இரண்டரைக் குதிரைவலு கூடியிருந்தது. பத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். நான்காம் நாள் உறைத்தது: முதல் ஓட்டத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் பக்கத்து இருக்கையில் இருந்தான். இரண்டாவதில் அவன் வரவில்லை. ஃபில்டர் தந்ததாக நான் நினைத்த இரண்டரைக் குதிரையும் அவனுடைய எழுபது கிலோதான்.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதல் அளவுகோல், இந்த வழியால் எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பது. "என் வண்டியின் குதிரைவலு எத்தனை?" என்பதற்கு வீட்டில் சரியான விடை கிடைக்காது, அது தேவையும் இல்லை. முன்னைவிட எவ்வளவு கூடியது என்பதே நமக்கு வேண்டும். படிக்கல் தேய்ந்த தராசிலும் இரண்டு மூட்டையில் எது கனம் என்று சொல்லிவிடலாம். தட்டு ஆடிக்கொண்டே இருந்தால்தான் சொல்ல முடியாது. எனவே கருவி சரியான எண்ணைக் காட்டுகிறதா என்பதைவிட, எதையும் மாற்றாத அதே வண்டியை ஐந்து தடவை அளந்தால் ஐந்து தடவையும் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அந்த ஆட்டம் எவ்வளவு இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. ஆட்களோடும் பெற்றோலோடும் 1,120 கிலோ திணிவுள்ள ஒரு சிறிய கார். மூன்றாம் கியரில், அக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போக 9 செக்கன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரு வேகங்களுக்கும் இடையில் இயக்கசக்தி ஏறத்தாழ 2,76,500 யூலால் கூடுகிறது. அதை 9ஆல் வகுத்தால் 30,700 வாற்று; ஒரு குதிரைவலுவுக்கு 735.5 வாற்று என்று பிரித்தால் 42. காற்றையும் டயர் உருள்வதன் தடையையும் வெல்ல இன்னும் ஒரு பத்துப் போகும். ஆக, சில்லுகளில் சராசரியாக 52 குதிரைவலு.

விற்பனைக் கையேட்டில் தொண்ணூற்றுச் சொச்சம் என்று இருந்ததே என்று பதற வேண்டாம். கையேட்டு எண், எஞ்சின் தண்டில் ஏறக்குறைய 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் தடவை) கிடைக்கும் உச்சம். நாம் அளந்தது சில்லில், அதுவும் நடுத்தர ஆர்பிஎம்மின் சராசரி. இன்னொரு சில்லறைக் குழப்பமும் இருக்கிறது: ஜப்பானியக் கையேடுகள் 735.5 வாற்று கொண்ட மெட்ரிக் குதிரைவலுவில் பேசும்; பல செயலிகள் 745.7 வாற்று கொண்ட ஆங்கிலேயக் குதிரைவலுவில் பேசும். 92 என்பது 90.7 ஆகிவிடும்.

இதே கணக்கில் ஒரு குதிரைவலு கூடினால் 9 செக்கன் ஏறத்தாழ 8.8 ஆகும். ஒரு குதிரை என்பது ஐந்தில் ஒரு செக்கன். இப்போது கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்து கணக்கைக் கெடுப்பவற்றைப் பாருங்கள். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு, அதாவது கண் கண்டுபிடிக்காத சரிவு, 3 குதிரைக்கு மேல் தின்னும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வருவதற்கும் பின்னாலிருந்து தள்ளுவதற்கும் இடையில் 3 குதிரை வித்தியாசம். பெற்றோல் தாங்கி நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் இடையில் ஒரு குதிரை. ஏசி போட்டிருந்தால் மூன்று நான்கு. என் மைத்துனன் இரண்டரை. ஃபில்டர், எக்ஸோஸ்ட் போன்றவை சாதாரண எஞ்சினில் தருவதே இந்த அளவுக்குள்தான் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அளவுகோல் கியர் வகை. கையால் கியர் மாற்றும் வண்டிக்குப் பொருந்தும் வழி, நம் ஊரில் நிறைந்திருக்கும் சிவிடி (கியர்ப் படிகள் இல்லாத ஓட்டோ) வண்டிகளுக்கும் ஹைபிரிட்டுகளுக்கும் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவது இடம். இதுதான் கொழும்புக்காரரின் தலைவலி. காலி வீதியில் மூன்றாம் கியரை முழுதாக இழுத்துப் பார்க்க முடியுமா? மரைன் டிரைவ் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் கடற்காற்று, பாதசாரிகள், மணிக்கு 50 என்ற நகர எல்லை. நான் கண்ட வரையில் ஒழுங்கான இடம் ஒன்றுதான்: கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை. முத்துராஜவெலச் சதுப்பின் மேல் போவதால் அது மட்டமாக இருக்கிறது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலை மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும், அளவைக்கு ஆகாது. 100 எல்லைப் பலகை உள்ள பகுதியில், ஞாயிறு விடியற்காலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, 60 முதல் 100 வரை மட்டும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம். அளவைக்குத் தேவையும் இல்லை.

நான்காவது செலவு: கடையில் கொடுப்பதும், பிறகு தெரியவருவதும்.

## வழி ஒன்று: நேரம் பார்ப்பது

செலவில்லாத வழி என்பதால் இதைத் தாழ்வாக நினைக்கிறார்கள். எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம். ஆனால் கட்டைவிரலால் நிறுத்துகடிகாரத்தை அமுக்கும் முறை வேண்டாம். தொடக்கத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் என்று விரல் தாமதித்தால் கால் செக்கன் போய்விடும், அதுவே ஒரு குதிரைக்கு மேல். அதோடு பக்கத்தில் இருப்பவர் முள்ளைச் சாய்வாகப் பார்க்கிறார்.

கைபேசியை முன் இருக்கைகளுக்கு நடுவில் அசையாமல் பொருத்தி, ஆர்பிஎம் முள்ளும் ஸ்பீடோமீட்டரும் தெரியும்படி காணொளி எடுங்கள். செக்கனுக்கு 60 சட்டம் (ஃபிரேம்) எடுக்கும் அமைப்பு பெரும்பாலான கைபேசிகளில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, முள் 3,000ஐத் தொட்ட சட்டத்திலிருந்து 4,500ஐத் தொட்ட சட்டம் வரை எண்ணுங்கள். ஒரு சட்டம் என்பது செக்கனில் அறுபதில் ஒரு பங்கு. முள்ளின் தடிப்பைச் சேர்த்தாலும் நான்கைந்து சட்டத்துக்கு மேல் பிழை வராது. ஒரே கியரில் ஆர்பிஎம்மும் வேகமும் ஒட்டிப்பிறந்தவை, ஆகவே எந்த முள்ளைப் பார்த்தாலும் ஒன்றுதான். ஆர்பிஎம் முள் பெரிய வீச்சில் நகர்வதால் வாசிப்பது எளிது.

எந்த ஆர்பிஎம்மில் அளக்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எக்ஸோஸ்ட், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போன்றவை பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மில்தான் வேலை காட்டும், சில சமயம் கீழே குறைக்கவும் செய்யும். மூன்றாம் கியரில் 100ஐத் தொடும்போது பல சிறிய கார்களில் எஞ்சின் இன்னும் 5,000ஐத் தாண்டியிருக்காது. அந்த மேல் பகுதியைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாம் கியரில் அளக்க வேண்டும். ஓட்டம் குறுகும், பிழையின் பங்கு பெருகும், ஆனால் வேக எல்லைக்குள் நிற்கலாம்.

மறைந்திருக்கும் செலவு நேரந்தான். போகும்போது நான்கு, வரும்போது அதே கிலோமீட்டர்க் கற்களுக்கிடையே நான்கு என்று ஓட வேண்டும். அப்போதுதான் காற்றும் சரிவும் ஒன்றையொன்று வெட்டும். நெடுஞ்சாலைக் கட்டணம் இரண்டு தடவை, பெற்றோல், பிறகு காணொளியோடு ஒரு மாலை. மாற்றத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பின் ஒரு ஞாயிறு. சனி இரவு உறவினர் கல்யாணம் இருந்தால் அந்த வாரம் போயிற்று.

கைக் கியர் வண்டி, ஒன்றிரண்டு மாற்றம், பொறுமை ஆகிய மூன்றும் இருப்பவருக்கு இது போதும். ஓட்டோ கியர் வண்டியில் நெம்புகோலைத் தாழ்ந்த கியரில் நிறுத்திவைத்துச் செய்யலாம். சிவிடியில் ஆர்பிஎம் முள் ஓரிடத்தில் நின்றுகொண்டு வேகம் மட்டும் ஏறும் என்பதால் இந்த முறை பயன்படாது.

ஓர் இடைக்குறிப்பு. நின்ற இடத்திலிருந்து 100 தொடும் நேரத்தை அளப்பவர்கள் கிளச்சை விடும் காலையும் டயர் வழுக்குவதையும் சேர்த்து அளக்கிறார்கள். ஓட்டுநர் தேறினாலே அந்த எண் முன்னேறும். 402 மீட்டர் கால் மைல் ஓட்டத்தின் இறுதி வேகத்தை வைத்துச் செய்யும் கணக்கு (வேகத்தை 289ஆல் வகுத்து, மும்மடியாக்கி, கிலோவால் பெருக்குவது) மோசமில்லை. ஆனால் அந்த இறுதி வேகம் சிறிய காரில்கூட 100ஐத் தாண்டும். கட்டுக்குருந்த ஓடுபாதையில் நிகழ்ச்சி நடக்கும்போது பதிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கே அது.

## வழி இரண்டு: ஓபிடி கருவி

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி, கைபேசியில் ஒரு செயலி. சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். திரையில் குதிரைவலு என்று ஒரு பெரிய வட்டம் வரும். அந்த வட்டத்தை நம்ப வேண்டாம். அதன் பின்னாலிருக்கும் பதிவுகளை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

காரணம் இது. ஓபிடி வழியாக வரும் வேகம் முழு எண்ணாகத்தான் வரும்: 61, 62, 63. அரைக் கிலோமீட்டர் என்று ஒன்று இல்லை. மலிவான போலிக் கருவிகள் செக்கனுக்கு ஒரு சில தடவைதான் பதில் சொல்லும். ஒரே நேரத்தில் ஐந்தாறு விடயங்களைக் கேட்டால் இன்னும் தள்ளாடும். ஆர்பிஎம்மோ கால் ஆர்பிஎம் நுணுக்கத்தில் வருகிறது. ஆகவே ஆர்பிஎம்மையும் நேரத்தையும் மட்டும் பதிவு செய்யச் சொல்லி, அதிலிருந்து வேகத்தை நாமே கணக்கிட்டால் கிடைக்கும் வரைபு எவ்வளவோ சுத்தமானது. முதல் வழியில் இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரு நேரம்தான் கிடைத்தது. இங்கே எந்த ஆர்பிஎம்மில் வலு கூடியது, எங்கே குறைந்தது என்ற வளைவே கிடைக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் ஓட்டம் தொடங்குமுன் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். போக்குவரத்தில் அரை மணி நேரம் நின்று வந்த வண்டியில் அது 30 பாகையிலிருந்து 45க்கு ஏறியிருக்கும். காற்றின் அடர்த்தி ஐந்து சதவீதம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பொறிகள் மூன்று. முதலாவது டயர். 175/65 ஆர்14 இலிருந்து 185/65 ஆர்14க்கு மாறினால் சில்லின் விட்டம் 2.2 சதவீதம் கூடுகிறது. வண்டி 60 என்று நினைக்கும்போது உண்மையில் 61.3இல் போகிறது. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால் பிழை இரட்டிப்பாகும். எக்ஸோஸ்டோடு சேர்த்து அலோய் சில்லும் போட்டவர், "வலு குறைந்துவிட்டதே" என்று எக்ஸோஸ்ட் விற்றவரோடு சண்டைக்குப் போவது இப்படித்தான்.

இரண்டாவது, காற்றோட்ட அளவி. செக்கனுக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறதோ அதை 1.25ஆல் பெருக்கினால் குதிரைவலு என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். தோராயத்துக்குச் சரி. ஆனால் நீங்கள் மாற்றியது காற்றுக் குழாயையே என்றால், குழாயின் குறுக்களவு மாறியவுடன் அந்த அளவியின் வாசிப்பே பொய்யாகிவிடும். கள்ளனிடமே கணக்குக் கேட்பது போல. அதோடு பல சுசூக்கி, ஹொண்டா எஞ்சின்களில் இந்த அளவியே இல்லை. அவை உள்குழாய் அமுக்கத்தை வைத்து வேலை செய்கின்றன.

மூன்றாவது, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய வண்டிகள். 2008க்கு முந்திய பலவற்றில் சொக்கெட் இருக்கும், ஆனால் பொதுவான ஓபிடி மொழியைப் பேசாது. வாங்குமுன் நண்பரின் கருவியை ஒரு தடவை செருகிப் பாருங்கள்.

## வழி மூன்று: கைபேசியின் ஆர்முடுகல் உணரி

சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். கைபேசியைத் தாங்கியில் வைத்தால் உள்ளிருக்கும் உணரி ஆர்முடுகலை அளக்கும், செயலி திணிவால் பெருக்கும். அழகான யோசனைதான். ஆனால் முழுதாக மிதிக்கும்போது வண்டியின் மூக்கு நிமிர்கிறது. அரைப் பாகை நிமிர்ந்தாலும் புவியீர்ப்பில் ஒரு சிறு கூறு ஆர்முடுகலாக வேடம் போட்டுக்கொண்டு வந்து சேரும். நம் கணக்கிலுள்ள காரின் ஆர்முடுகலோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது 3 குதிரை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி நிமிர்ந்தால் பிழை ரத்தாகும் என்று வாதிடலாம். வண்டியை மாற்றுபவர்கள் ஸ்பிரிங்கையும் தாழ்த்துகிறார்களே! ஸ்பிரிங் இறுகினால் மூக்கு நிமிர்வது குறையும், செயலியில் வலுவும் குறையும்.

இது சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. நண்பர்களுக்குள் பந்தயம் கட்ட.

## வழி நான்கு: ஜிபிஎஸ் பெட்டி

கைபேசியின் ஜிபிஎஸ் பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும். 9 செக்கன் ஓட்டத்துக்குப் பத்துப் புள்ளிகள். டிராகி, ரேஸ்பொக்ஸ் போன்ற தனிப் பெட்டிகள் செக்கனுக்குப் பத்து முதல் இருபத்தைந்து தடவை சொல்கின்றன. செய்மதி அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுவதால், திறந்த வானத்தின் கீழ் அந்த வேகம் மிக நம்பகமானது. டயர் மாறினாலும் கவலை இல்லை. சில பெட்டிகள் ஓட்டத்தின் சரிவையும் சொல்லிவிடும். கீழ்நோக்கி ஓடிவிட்டுப் பெருமையடிக்க முடியாது.

சிவிடி, ஹைபிரிட் வண்டிக்காரர்களுக்கு வீட்டில் செய்யக்கூடிய ஒழுங்கான வழி இதுதான். கியர் விகிதம், ஆர்பிஎம் எதுவும் தேவையில்லை. 60 முதல் 100 வரை எத்தனை செக்கன், அவ்வளவுதான். அக்வா போன்ற ஹைபிரிட்டில் மட்டும் ஒரு கவனம்: மின்கலத்தின் கோடுகள் ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டு கோட்டோடு ஓடிய வண்டியையும் ஏழு கோட்டோடு ஓடிய வண்டியையும் ஒப்பிட்டால் மின்கலத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

விலை 150 டொலரிலிருந்து தொடங்கும். அனுப்பும் செலவும் சுங்க வரியும் அதன் மேல். அது பழுதானால் திருப்பி அனுப்புவது யார் தலையில்? என் யோசனை, நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது. வருடத்தில் நான்கு நாள் பயன்படும் பொருளுக்கு ஒரே ஆள் பணம் போடுவதில் அர்த்தமில்லை. பௌத்தாலோக மாவத்தையின் மரக் குடைகளுக்குக் கீழே வைத்துச் சோதித்துவிட்டு "இது சரியில்லை" என்று சொல்லாதீர்கள். பெட்டிக்கு வானம் தெரிய வேண்டும்.

## வழி ஐந்து: டைனோ

வீட்டு வழி இல்லை. ஆனாலும் ஒப்பிட வேண்டும். அதன் வேலையும் நம் வேலையும் அடிப்படையில் ஒன்றுதான். ஒரு வகை டைனோவில் திணிவு தெரிந்த பெரிய உருளை இருக்கும்; அதைச் சில்லு எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறது என்பதிலிருந்து வலு கிடைக்கும். இன்னொரு வகை உருளையைப் பிடித்து எதிர்ச்சுமை கொடுத்து அளக்கும். காற்று இல்லை, சரிவு இல்லை, பொலிஸ் இல்லை. வளைவு ஆர்பிஎம் முழுவதற்கும் கிடைக்கும்.

ஆனால் அச்சிட்ட தாளைப் பார்த்தவுடன் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் பிழை. டைனோ மென்பொருள் அன்றைய வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதனுக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும். எஸ்ஏஈ ஜே1349 என்ற முறை 25 பாகையையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்றையும் அடிப்படையாகக் கொள்கிறது. கொழும்பின் 30 பாகைக்கும் 80 சதவீத ஈரப்பதனுக்கும் அது ஏறத்தாழ இரண்டரை சதவீதம் கூட்டும். "எஸ்டிடி" என்று தாளில் வரும் பழைய முறை இதைவிட ஏறக்குறைய நான்கு சதவீதம் தாராளமானது. "முன்" என்ற தாள் ஒரு முறையிலும் "பின்" என்ற தாள் மற்றதிலும் அச்சானால், ஒரு நட்டைக்கூடத் தொடாமல் மூன்று குதிரை கிடைத்துவிடும். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வண்டியைக் கட்டும் பட்டியின் இறுக்கமும் டயர்க் காற்றும் எண்ணை மாற்றும். இரண்டு நாளும் ஒன்றாக இருக்கட்டும். வேறு வேறு டைனோக்களின் தாள்களை ஒப்பிடவே வேண்டாம். சில்லு எண்ணின்மேல் "பதினைந்து சதவீதம் இழப்பு" என்று கூட்டி எஞ்சின் எண்ணாக்குவதும் ஊகம்தான்.

மறைந்திருக்கும் செலவில் பெரியது, அளப்பவரே விற்பவராகவும் இருப்பது. நேர்மையில்லை என்று சொல்ல வரவில்லை. எஞ்சின் ஆறியிருந்தபோது கிடைத்த ஓட்டத்தை "பின்" என்றும், எஞ்சின் சூடேறியிருந்தபோது கிடைத்த ஓட்டத்தை "முன்" என்றும் எடுத்துக்கொள்ள மனிதக் கை தானாகவே போகும். மூன்று ஓட்டத்தின் தாளும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரீமேப், டர்போ என்று போகிறவருக்கு இதைத் தவிர வழி கிடையாது. எத்தனை குதிரை என்பது அங்கே இரண்டாம் பட்சம். காற்று–எரிபொருள் விகிதமும் எஞ்சின் தட்டுகிறதா என்பதும் சுமையின் கீழ் பார்க்கப்பட வேண்டும். 95 ஒக்டேனுக்குச் செய்த மேப்பில் 92 ஊற்றி நெடுஞ்சாலையில் சோதனை செய்தால், அளவைக்குப் பதிலாக பிஸ்டன் போகும்.

## ஒரே பார்வையில்

மேலே சொன்ன 52 குதிரைச் சிறிய காரை, இரு திசையிலும் நான்கு ஓட்டமாவது ஓட்டினால் எந்த வித்தியாசத்தை நம்பலாம் என்பது என் மதிப்பீடு:

| வழி | நம்பக்கூடிய மிகச் சிறிய கூடுதல் | கைச்செலவு | பிறகு தெரியும் செலவு | பொருந்துவது |
|---|---|---|---|---|
| கட்டைவிரல் நேரம் | 3 குதிரை | இல்லை | ஏமாற்றம் | யாருக்கும் வேண்டாம் |
| காணொளி நேரம் | 1 முதல் 1.5 | இல்லை | இரண்டு ஞாயிறு, நெடுஞ்சாலைக் கட்டணம் | கைக் கியர் |
| ஓபிடி, ஆர்பிஎம் பதிவு | 1.5 முதல் 2 | சில ஆயிரம் ரூபாய் | கணக்குப் போடும் நேரம். டயர் மாறினால் குழப்பம் | கைக் கியர், 2008க்குப் பிந்தியவை |
| கைபேசி ஆர்முடுகல் | 4க்கு மேல் | இல்லை | தாழ்த்திய ஸ்பிரிங்கில் பொய் | பந்தயம் |
| ஜிபிஎஸ் பெட்டி | 1 | 150 டொலரிலிருந்து | சுங்கம், பழுது | எல்லாம், குறிப்பாக சிவிடி, ஹைபிரிட் |
| டைனோ | 1, அதே டைனோவில் மட்டும் | இரண்டு தடவைக் கட்டணம் | திருத்த முறைக் குழப்பம் | ரீமேப், டர்போ |

எந்த வழியானாலும் ஒரு விடயத்தில் சலுகை இல்லை. "முன்" என்ற அளவையை நட்டைத் தொடுமுன் எடுத்துவிட வேண்டும், அதையும் இரண்டு வெவ்வேறு நாட்களில். அந்த இரண்டு நாளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் தராசின் ஆட்டம். மாற்றத்தால் கிடைத்தது அதைவிடச் சிறியதென்றால் கிடைத்ததாகச் சொல்லாதீர்கள். ஓட்டங்களில் மிக நல்லதை எடுக்காமல், வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். பள்ளியில் இடையம் என்று படித்தோமே, அது. வேலையின்போது மின்கலத்தைக் கழற்றியிருந்தால் ஈசியு கற்றுக்கொண்டதெல்லாம் அழிந்திருக்கும், ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு அளக்கவும். எடைக்கு, பேலியகொடைப் பக்கம் லொறி எடைபோடும் இடம் ஒன்றில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவிப்பதும் இந்தச் செலவுக் கணக்கில் ஒரு வரிதான்.

## அப்படியானால் யாருக்கு எது

வெள்ளவத்தைச் சுவிஃப்ட்காரருக்கு: காணொளி முறை. பிறகு ஆர்வம் வந்தால் ஓபிடி. எக்ஸோஸ்ட் என்பதால் இரண்டாம் கியரிலும் ஒரு தொகுதி ஓட்டம் எடுக்கவும்.

கொட்டாஞ்சேனை லான்சர்காரருக்கு: சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை முதலில் டைனோ "முன்" ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் ரீமேப் செய்பவருக்குச் சொந்தமில்லாத டைனோவில்.

வாகன் ஆர் போன்ற 660 சீசீ வண்டியில் ஃபில்டர் மாற்ற நினைப்பவருக்கு: ஜிபிஎஸ் பெட்டி வைத்திருக்கும் நண்பரைத் தேடுங்கள். ஜப்பானிய உற்பத்தியாளர்கள் அந்த வகுப்பை 64 குதிரைக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு ஃபில்டர் தரக்கூடியது ஒரு குதிரைக்கும் கீழே. அதற்காகப் பெட்டி வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என் கூம்பு ஃபில்டரைப் பிறகு ஒழுங்காக அளந்தேன். காணொளி முறை, மைத்துனன் எல்லா ஓட்டத்திலும் இருக்கையில், பெற்றோல் பாதித் தாங்கி, ஏசி நிறுத்தி. ஃபில்டரோடு எட்டு, பழைய பெட்டியை மறுபடி பூட்டி எட்டு, திரும்பவும் ஃபில்டரோடு எட்டு. மூன்று தொகுதியின் இடையங்களும் பத்தில் ஒரு செக்கனுக்குள் விழுந்தன. அதாவது அரைக் குதிரை, என் தராசு ஆடும் அளவுக்குள். ஃபில்டர் இப்போது அலமாரியில் இருக்கிறது, பழைய பெட்டி எஞ்சினில். வண்டியின் உறுமல் போய்விட்டதே என்று மைத்துனனுக்குத்தான் இன்னும் ஆறவில்லை.